மழை படாத ரோஜாவுக்கு ஏன் சாம்பல் நோய் வருகிறது?

போன வருஷம் பிப்ரவரி கடைசியில் அத்தையிடமிருந்து போன். அத்தைக்குக் கொடைக்கானலில் இருந்து வில்பட்டி போகிற வழியில் ஒரு சின்ன நாற்றங்கால். சுமார் இருநூறு ஒட்டு ரோஜாத் தொட்டிகள். ஏப்ரல், மே சீசனில் வருகிற டூரிஸ்ட்டுகளிடம் விற்றால்தான் வருஷத்தில் பாதிச் செலவு ஓடும்.

"என்னப்பா, செடிக்கெல்லாம் யாரோ திருநீறு பூசிவிட்ட மாதிரி இருக்கு. துடைச்சா போயிருது. ரெண்டு நாள்ல திரும்ப வந்துருது."

போட்டோ அனுப்பச் சொன்னேன். துளிர் இலைகள் சுருண்டு, மேலே வெள்ளைப் பொடி. மொட்டுக் காம்பில்கூட மாவு தூவின மாதிரி. சாம்பல் நோய். அது ஒன்றும் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் அடுத்து அத்தை சொன்னது. "மழை படக் கூடாதுன்னுதான் இந்த வருஷம் பாலிதீன் கூரை போட்டோம். ஒரு சொட்டுத் தண்ணி இலைமேல படலை. அப்புறம் எப்படிப் பூஞ்சை வரும்?"

நியாயமான கேள்வி. பூஞ்சை என்றாலே ஈரம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். மழைக்காலத்துச் செருப்பு, நனைந்த சுவர், மூடி வைத்த பிரெட். அத்தைக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க ஆரம்பித்து, நான் எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால்: அந்தக் கூரைதான் காரணம்.

தண்ணீர் கேட்காத பூஞ்சை

பெரும்பாலான இலைப் பூஞ்சைகளின் வித்து முளைக்க, இலைமேல் தண்ணீர்ப் படலம் வேண்டும். ரோஜாவின் கரும்புள்ளி நோய் அப்படித்தான். இலை தொடர்ந்து ஏழெட்டு மணி நேரம் நனைந்தே இருந்தால்தான் அது உள்ளே நுழைய முடியும். அத்தை கூரை போட்டதே அந்தக் கரும்புள்ளிக்குப் பயந்துதான். அந்த விஷயத்தில் கூரை வேலை செய்தது. கரும்புள்ளி வரவில்லை.

சாம்பல் நோய்ப் பூஞ்சை வேறு ரகம். அதன் வித்து தனக்கு வேண்டிய தண்ணீரைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு வருகிறது. காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும், இலை காய்ந்திருந்தாலும் முளைத்துவிடும். இன்னும் சொல்லப்போனால் இலைமேல் தண்ணீர் நின்றால் அதற்குப் பிடிக்காது. பல வித்துகள் முளைக்காமலே வீணாகும். அடித்துப் பெய்கிற மழை பொடியைக் கழுவிக் கீழே தள்ளிவிடும். வெட்டவெளியில் நிற்கிற ரோஜாவுக்கு மழை ஒரு இலவச மருந்து. கூரைக்குள் அந்த மருந்து கிடையாது.

ரோஜாவில் வருவதற்குப் பொடோஸ்பேரா பன்னோசா என்று பெயர். உயிருள்ள இலையில் மட்டுமே வாழும் ஒட்டுண்ணி. இலையின் மேல்தோலில் உட்கார்ந்து, செல்லுக்குள் உறிஞ்சுகுழல் போன்ற ஒன்றை நுழைத்து, சாப்பாட்டை உறிஞ்சும். இலையைக் கொல்லாது. கொன்றால் அதற்கும் சோறு இல்லை. நாம் பார்க்கிற வெள்ளைப் பொடி, இலையின் வெளிப்பக்கம் படர்ந்த இழைகளும் சங்கிலி சங்கிலியாக நிற்கிற வித்துகளும்தான். துடைத்தால் பொடி போகும். செல்லுக்குள் இறங்கின குழல் போகாது. அதனால்தான் ரெண்டு நாளில் திரும்ப வருகிறது.

இன்னொரு சமாதானமான செய்தி. இந்தக் குடும்பத்தில் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த செடியோடு நிற்கும். பட்டாணியில் வருவது எரிசிபே பிசி. திராட்சையில் வருவது எரிசிபே நெக்கேட்டர். பார்க்க எல்லாம் ஒரே மாவுதான், ஆனால் பக்கத்து வீட்டுப் பட்டாணியில் இருந்து அத்தையின் ரோஜாவுக்குத் தாவாது. பக்கத்து வீட்டு ரோஜாவில் இருந்து தாராளமாக வரும்.

கொடைக்கானல் இரவின் கணக்கு

ஏன் குறிப்பாகப் பிப்ரவரி, மார்ச்? இங்கேதான் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டியிருந்தது.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பகலில் நல்ல வெயில், இரவில் நல்ல குளிர். ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். மதியம் 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். ரொம்ப ஈரம் என்று சொல்ல முடியாது. 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டரில் அதிகபட்சம் 17.3 கிராம் நீராவி தாங்கும். அதில் 60 சதவீதம் என்றால் 10.4 கிராம்.

ராத்திரி 12 டிகிரிக்கு இறங்குகிறது என்று வையுங்கள். 12 டிகிரி காற்றால் 10.7 கிராம்தான் தாங்க முடியும். உள்ளே இருப்பதோ அதே 10.4 கிராம். ஆக ஈரப்பதம் 97 சதவீதம்! ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாரும் சேர்க்கவில்லை. குளிர் மட்டும்தான் சேர்ந்தது.

இதுதான் சாம்பல் நோய்க்குக் கனவு இரவு. குளிர்ந்த, ஈரமான இரவில் வித்துகள் உருவாகும், முளைக்கும். பகலில் காற்று காய்ந்ததும் வித்துகள் சங்கிலியிலிருந்து உதிர்ந்து பறக்கும். ஒரு வித்து இலையில் உட்கார்ந்து, அடுத்த தலைமுறை வித்தை வெளிவிட அஞ்சாறு நாள் போதும். ஒரு இலையில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், அடுத்த வாரம் ஒரு வரிசை முழுக்க இருக்கும்.

இப்போது கூரையை இந்தக் கணக்கில் சேருங்கள். அத்தை குளிருக்குப் பயந்து சாயந்திரம் நாலு பக்கமும் ஷீட்டை இறக்கிக் கட்டிவிடுவார். தண்ணீர் ஊற்றுவதும் சாயந்திரம்தான். தொட்டி மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் வருகிற நீராவி வெளியே போக வழியில்லை. 10.4 கிராம் என்பது 12, 13 என்று ஏறும். கொடைக்கானல் வெளியில் கொடுப்பதைவிட மோசமான இரவை நாங்களே உள்ளே தயாரித்துக் கொடுத்திருக்கிறோம்.

இது புதுக்கதை இல்லை

கூரைக்கும் சாம்பல் நோய்க்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. 1845ல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர் திராட்சைக் கொடியில் ஒரு வெள்ளைப் பொடியைப் பார்த்தார். எங்கே? கண்ணாடி வீட்டுக்குள்ளே. ஐரோப்பாவுக்கு அது புது நோய், வட அமெரிக்காவிலிருந்து வந்தது. 1847ல் அதற்கு டக்கர் பெயரையே சேர்த்து ஓய்டியம் டக்கெரி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில வருஷத்தில் அது பிரான்ஸ் முழுக்கப் பரவி, 1854ல் அந்த நாட்டின் ஒயின் உற்பத்தியை வழக்கமான அளவில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே தள்ளிவிட்டது.

அந்த டக்கர்தான் கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துப் பார்த்தவர். கொஞ்ச வருஷம் கழித்து வெர்சாய் தோட்டத்தில் கிரிசோன் என்பவர் ரெண்டையும் தண்ணீரில் காய்ச்சி ஒரு திரவம் தயாரித்தார். 170 வருஷம் ஆகியும் கந்தகம் இன்னும் ஓய்வு பெறவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிறவர்களைக் கேட்டால் கந்தகத்தின் அருமை சொல்வார்கள்.

பெயரில் ஒரு குழப்பம்

அத்தை எனக்குப் போன் செய்வதற்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார். "இலையில் சாம்பல்" என்று சொன்னதும் தாமிர மருந்து கொடுத்துவிட்டார்கள். ரெண்டு தடவை அடித்தும் பிரயோசனம் இல்லை. கடையைக் குறை சொல்லி என்ன செய்ய, பெயர் அப்படி.

தமிழில் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்று ரெண்டு இருக்கிறது. அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தாலும் சொந்தமே கிடையாது. அடிச்சாம்பல் உண்டாக்குவது உண்மையான பூஞ்சையே அல்ல, பாசி வகைக்கு நெருக்கமான ஒரு உயிர். அதற்கு இலைமேல் தண்ணீர் கட்டாயம் வேண்டும். இலையின் மேல்பக்கம் மஞ்சள் திட்டு, திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறப் பூசணம். தாமிரம் அதற்குத்தான் நன்றாகக் கேட்கும். சாம்பல் நோய்க்குக் கேட்பது கந்தகம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை: விரலால் தேயுங்கள். மேல்பக்கத்தில் இருந்து மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் சாம்பல் நோய். அடிப்பக்கம் மட்டும் இருந்து, மழையோ பனியோ இலையை நனைத்த நாட்களுக்குப் பிறகு வந்திருந்தால் அடிச்சாம்பலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு விதிவிலக்கு ஞாபகம் வையுங்கள். குடைமிளகாயில் வருகிற சாம்பல் நோய் இலைக்கு உள்ளேயே வளர்ந்து, அடிப்பக்கமாக வெளியே வரும். மேலே மஞ்சள் திட்டு மட்டும் தெரியும். பசுமைக்குடிலில் குடைமிளகாய் போடுகிறவர்கள் இதில் ஏமாந்துபோவது உண்டு.

நாங்கள் செய்தது

முதலில் ஆபரேஷன். ரொம்ப மோசமான நாற்பது தொட்டிகளை அப்படியே கழித்தோம். மற்றவற்றில் சுருண்ட துளிர்களைக் கவாத்து செய்தோம். ரோஜாவில் இந்தப் பூஞ்சை மொட்டுச் செதில்களுக்குள் ஒளிந்திருக்கும், அதனால் இலையை மட்டும் கிள்ளினால் போதாது, நுனியோடு வெட்டணும். வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கிளையின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுகிற நாமே வித்தை எல்லாச் செடிக்கும் தூவிவிடுவோம்.

பிறகு பழக்கங்களை மாற்றினோம்.

தண்ணீர் காலையில் மட்டும், தொட்டி மண்ணுக்கு மட்டும். சாயந்திரத்துக்குள் மேல்மண் காய்ந்துவிட வேண்டும்.

ஷீட்டைச் சாயந்திரம் உடனே இறக்குவதில்லை. பகல் முழுக்கத் திறந்து, பொழுது சாய்கிறவரை ஈரக்காற்றை வெளியே விட்டு, அப்புறமும் மேல்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் கட்டுவது. குளிரில் ரோஜா செத்துவிடும் என்பது அத்தையின் பயம். உறைபனி விழாத இடத்தில் ரோஜாவுக்கு அந்தக் குளிர் ஒன்றும் செய்யாது என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆச்சு. அதற்கும் சேர்த்து ஒரு சின்ன ஃபேனை ராத்திரி முழுக்க ஓடவிட்டோம்.

தொட்டிகளுக்கு நடுவில் இலையோடு இலை உரசாத அளவு இடைவெளி. இடம் போதவில்லை. ஆனால் நெருக்கி வைத்த இருநூறைவிட காற்றோட்டமான நூற்றைம்பது மேல்.

யூரியாவை நிறுத்தினோம். சீசனுக்குள் செடி தளதளவென்று இருக்கட்டும் என்று ஜனவரியில் கூடுதலாகப் போட்டிருந்தார். தழைச்சத்து அதிகமானால் மெல்லிய, கொழுத்த துளிர் வரும். சாம்பல் நோய்க்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

புதுச்செடி வாங்கினால் ரெண்டு வாரம் தனியாக, தூரமாக. இதுதான் எல்லாவற்றையும்விட மலிவான மருந்து. அத்தைக்கு முதல் வித்து ஜனவரியில் வாங்கின பத்துத் தொட்டியோடு வந்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டு அத்தை சிரித்தார். வாரம் ரெண்டு தடவை, வெயில் நாளாகப் பார்த்து, காலையில் இலையை நல்ல வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னேன். "மழை வேண்டாம்னு கூரை போட்டுட்டு, இப்ப நானே மழை பெய்யணுமாக்கும்?" ஆமாம் அத்தை, ஆனால் மதியத்துக்குள் காய்கிற மழை. சாயந்திரம் கழுவினால் கரும்புள்ளி திரும்ப வந்துவிடும். இது அத்தனையும் அந்த நேரக் கணக்கில்தான் நிற்கிறது.

மருந்து என்றால்

நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். நோய் முற்றின பிறகு அல்ல, முதல் பொட்டு தெரிந்ததுமே. 32 டிகிரிக்கு மேல் வெப்பம் போகிற நேரத்தில் அடித்தால் இலை கருகும். கொடைக்கானலில் வெளியே அந்தச் சூடு கிடையாது, ஆனால் மூடின பாலிதீனுக்குள் மதியம் வந்துவிடும். எண்ணெய் கலந்த எதையாவது, வேப்பெண்ணெய் உட்பட, அடித்திருந்தால் ரெண்டு வாரம் தள்ளித்தான் கந்தகம். மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டு அடியுங்கள்.

பால்? சிரிக்காதீர்கள். 1999ல் பிரேசிலின் வாக்னர் பெட்டியோல், பசுமைக்குடில் சுரைக்காய் வகை ஒன்றில் பாலைத் தண்ணீரில் கலந்து வாராவாரம் அடித்து, நோய் குறைந்ததைக் காட்டினார். ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர். பத்துத் தொட்டி வைத்திருக்கிறவர்கள் முயலலாம். சமையல் சோடா லிட்டருக்கு 5 கிராம் என்பதும் வேலை செய்யும். ஆனால் தொட்டியில் சோடியம் சேர்ந்துகொண்டே போகும், அடிக்கடி வேண்டாம்.

மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிப் பொறிவண்டு இலைமேல் சுற்றினால் தயவுசெய்து கொல்லாதீர்கள். இல்லெய்ஸ் சிங்க்டா என்ற அந்த வண்டு சாப்பிடுவதே இந்தச் சாம்பலைத்தான்.

கஞ்சா வீடுகள் கற்றுத்தந்த பாடம்

வீட்டுக்குள் வளர்க்கிற செடிக்குச் சாம்பல் நோய் என்று இணையத்தில் தேடினால், வந்து கொட்டுவதில் பெரும்பகுதி கஞ்சாவைப் பற்றியதாக இருக்கிறது. 2018 அக்டோபரில் கனடா அதைச் சட்டபூர்வமாக்கியது. மூடின அறையில், செயற்கை வெளிச்சத்தில், நெருக்கமாக ஒரே செடி. சாம்பல் நோய்க்கு வேறென்ன வேணும்? நம் நாட்டில் 1985ன் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம், ஜெயில்தான். பழனி மலைக் காட்டுக்குள் பயிரிட்டு மாட்டிக்கொள்ளும் செய்திகளைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அதனால் அந்தச் செடி நமக்கு வேண்டாம். அதில் இருக்கிற ஒரு பாடம் மட்டும் வேண்டும்.

மைக்லோபியூட்டனில் என்று ஒரு மருந்து இருக்கிறது. சாம்பல் நோய்க்குப் பிரமாதமாகக் கேட்கும், நம் ஊரிலும் கிடைக்கும். ஆனால் அது பட்ட பொருளைப் பற்றவைத்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷவாயு வரும். அதனால் கஞ்சாவில் அதைத் தடை செய்தார்கள். மீறி அடித்த சரக்கு கனடாவில் திரும்பப் பெறப்பட்டது. வலுவான மருந்து கையில் இல்லை என்றான பிறகு, வளர்க்கிறவர்கள் காற்றோட்டத்தையும் ராத்திரி ஈரப்பதத்தையும் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாம் ரோஜாவைப் புகைப்பதில்லை. ஆனால் குல்கந்து சாப்பிடுகிறோம். கொடைக்கானலில் ஸ்ட்ராபெரியைச் செடியிலிருந்து பறித்த கையோடு குழந்தை வாயில் போடுகிறோம். ஸ்ட்ராபெரிக்கும் இந்த நோய் உண்டு. கடைசியில் எங்கே போகும் என்று யோசித்துவிட்டு மருந்தை எடுப்பது நல்லது.

வெளிச்சமும் விதையும்

மருந்தில்லாத வழிகளில் என்னை ரொம்ப ஈர்த்தவை ரெண்டு.

ஒன்று, ராத்திரியில் கொஞ்ச நேரம் புற ஊதா வெளிச்சம் காட்டுவது. இந்தப் பூஞ்சை பகல் முழுக்க வெயில் தாங்குவதற்குக் காரணம், புற ஊதாவால் கெட்டுப்போன மரபணுவை அது பகல் வெளிச்சத்தின் உதவியோடு ரிப்பேர் செய்துகொள்வதுதான். இருட்டில் அடித்தால் ரிப்பேர் நடக்காது. பசுமைக்குடில் ரோஜாவில் இது வேலை செய்வதை நார்வேயில் இருந்து 2012ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. அதன் முதல் ஆசிரியர் பெயர் சுதாபரன் என்று பார்த்ததும் எனக்குக் காரணமில்லாமல் ஒரு சந்தோஷம். இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், கண்ணும் தோலும் போய்விடும்.

இன்னொன்று பட்டாணி. மேல்மலை கிராமங்களில் பட்டாணி போடுகிறவர்களுக்குச் சாம்பல் நோய் பழக்கமான எதிரி. சில பட்டாணி ரகங்களுக்கு அது வருவதே இல்லை. காரணம், அவற்றில் எம்.எல்.ஓ. என்ற ஒரு மரபணு கெட்டுப்போயிருக்கிறது. அதாவது செடியிடம் இருக்கிற ஒரு கதவை வைத்துத்தான் பூஞ்சை உள்ளே வருகிறது. கதவு ரிப்பேரான செடிக்குள் நுழைய முடியவில்லை! பார்லியில் இதே விஷயத்தை 1942லேயே ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அஜித் பட்டாணி சாம்பல் நோயைத் தாங்கும் ரகம். விதை வாங்கும்போதே கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் என்ன ஆச்சு

போன சீசனில் நூற்றுப்பத்துத் தொட்டி மாதிரி விற்றது. நஷ்டம்தான், ஆனால் பிப்ரவரியில் பயந்த அளவு இல்லை. இந்த வருஷம் அத்தை கூரையைப் பிரிக்கவில்லை. மழைக்காலத்துக்கு அது வேண்டும். பக்கவாட்டு ஷீட்டை மட்டும் சுருட்டி ஏற்றுகிற மாதிரி மாற்றிவிட்டார். உள்ளே ஒரு ஈரப்பதமானி தொங்குகிறது, சில நூறு ரூபாய்தான். ராத்திரி படுக்கப் போகுமுன் போய்ப் பார்க்கிறார். 90ஐத் தாண்டியிருந்தால் ஷீட்டை இன்னும் ஒரு சாண் ஏற்றிவிட்டு வருகிறார்.

போன வாரம் போன் செய்தபோது கேட்டேன், சாம்பல் உண்டா என்று.

"ரெண்டு செடியில லேசா இருந்துச்சுப்பா. பையைக் கவுத்து வெட்டிட்டேன். இப்ப பக்கத்து வீட்டுக்காரங்க ரோஜாவுல நிறைய இருக்கு. அவங்களுக்கு நீ எழுதுனதை அனுப்பி விடு."

அதனால் எழுதியாயிற்று. உங்கள் வீட்டுப் பால்கனியில் கூரைக்குக் கீழே ரோஜா இருந்தால், நாளைக் காலை துளிர் இலையை ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.